இரண்டாம் ஆண்டுக்கு எந்தப் பாடங்களை எடுப்பது? புள்ளிவிபரவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்

நெய்தல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் விஞ்ஞானப் பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டை முடித்திருக்கிறேன். புள்ளிவிபரவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அடுத்த அரையாண்டுக்கான பாடப் பதிவுப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். படிவம் மேசையில் நான்கு நாட்களாகக் கிடக்கிறது.

கட்டாயப் பாடங்கள் நான்கு: புள்ளிவிபர அனுமானம், பிற்செலவுப் பகுப்பாய்வு (ரிக்ரெஷன், ஒரு கணியம் மற்றவற்றோடு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது), பல மாறிகளின் நுண்கணிதம், ஒரு கணினி ஆய்வுகூடம். இவை மட்டும் 11 கிரெடிட். இவற்றோடு மூன்று தெரிவுப் பாடங்கள் வரை எடுக்கலாம். ஏகபரிமாண அட்சரகணிதத்தின் (லீனியர் அல்ஜிப்ரா) இரண்டாம் பகுதி, மெய்ப் பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்), மாதிரியெடுத்தல், பரிசோதனைத் திட்டமிடல், இயந்திரக் கற்றல் அறிமுகம், தரவுத்தளம், நிதிக் கணிதம், செயற்பாட்டு ஆய்வு ஆகிய எட்டும் பட்டியலில் உள்ளன. எட்டும் வேண்டும் போல் இருக்கிறது.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். வீடு வெள்ளவத்தையில். அப்பா புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் கணக்கு எழுதுகிறார். நான் வாரத்தில் மூன்று மாலை சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். உயர்தரம் தமிழில் படித்தேன், இங்கே எல்லாம் ஆங்கிலம். முதலாம் ஆண்டில் மற்றப் பாடங்களில் ஏயும் பியும் வந்தன. நிகழ்தகவில் மட்டும் சி பிளஸ். அதுதான் மனதை அரிக்கிறது.

பெரியம்மாவின் மகன், தரவு விஞ்ஞானம் என்று பெயர் உள்ள எல்லாவற்றையும் எடு, மிச்சத்தை விடு என்கிறார். வகுப்புத் தோழியோ மெய்ப் பகுப்பாய்வு இல்லாமல் சிறப்புப் பட்டத்துக்குப் போனால் திண்டாடுவாய் என்கிறாள். அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.


பம்பலப்பிட்டி வாசி எழுதியது:

தங்கைக்கு உங்கள் அண்ணா சொன்னதைத்தான் நானும் சொல்வேன். ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் தரவுப் பிரிவில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். ஆள் எடுக்கும்போது விண்ணப்பத்தில் என் கண் முதலில் தேடுவது பைதான் நிரல்மொழியும் தரவுத்தளத்தில் தேடும் எஸ்கியூஎல் மொழியும் இருக்கின்றனவா என்பதைத்தான். மெய்ப் பகுப்பாய்வு படித்தாயா என்று இதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை.

வீட்டுப் பொறுப்பு உள்ள பிள்ளை என்று எழுத்திலேயே தெரிகிறது. பட்டம் முடிந்த மறுமாதமே வேலை வேண்டும். இயந்திரக் கற்றல், தரவுத்தளம், நிதிக் கணிதம் மூன்றையும் எடுங்கள். ஆசைக்குப் படிப்பதைப் பிறகு படிக்கலாம்.


பழைய பலகை எழுதியது:

பம்பலப்பிட்டி வாசி சொல்வதில் அக்கறை இருக்கிறது. ஆனால் இந்த ஆலோசனையை ஏற்றுப் பாடம் எடுத்த பிள்ளைகள் மூன்றாம் ஆண்டில் திணறுவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே மறுத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தங்கை, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாடத்தையும் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள். இதை விரிவுரையாளரும் சக மாணவர்களும் இல்லாமல் என் வீட்டு மேசையில் படித்துவிட முடியுமா? இதற்குப் பின்னால் எத்தனை பாடங்கள் இதை நம்பி நிற்கின்றன? எஸ்கியூஎல்லை விடுமுறையில் ஆறு வாரத்தில் கைவசப்படுத்தலாம். ஆர் மென்பொருள் இலவசம், பைதானும் அப்படியே. ஆனால் ஏகபரிமாண அட்சரகணிதத்தில் வரும் தாயங்களையும் (மேட்ரிக்ஸ்) காவிவெளிகளையும் (வெக்டர் ஸ்பேஸ்) தனியே படித்துக் கரை சேர்ந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. தொடங்குவார்கள், மூன்றாம் அத்தியாயத்தில் விட்டுவிடுவார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். நான் ஏகபரிமாண அட்சரகணிதத்தின் முதல் பகுதியோடு நிறுத்திக்கொண்டவன். முதல் வேலையில் விற்பனைத் தரவு ஒன்றைக் கொடுத்துக் காலாண்டு வாரியாக வேறுபாடு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். நான்கு காலாண்டுக்கும் நான்கு நிரல்கள் அமைத்தேன். அந்தக் காலாண்டு என்றால் 1, இல்லாவிட்டால் 0. ஆர் மென்பொருளில் ஓட்டினால் மூன்று காலாண்டுக்குக் குணகம் வருகிறது, நான்காவதில் மட்டும் என்ஏ என்று நிற்கிறது. என்ஏ என்றால் தரவு விடுபட்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியும். இரண்டு நாள் முழுவதும் நான்காம் காலாண்டின் பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றுகூட விடுபட்டிருக்கவில்லை.

மூன்றாம் நாள் மூத்த அலுவலர் ஒருவர் வெண்பலகையில் அந்த நான்கு நிரல்களையும் எழுதி, நிரை நிரையாகக் கூட்டச் சொன்னார். ஒவ்வொரு நிரையிலும் கூட்டுத்தொகை 1. அதன் பக்கத்தில் மாறிலிக்குரிய நிரலை எழுதினார். அதிலும் எல்லாம் 1. "நான்கு பேரும் சேர்ந்து சொல்வதை ஐந்தாவது ஆள் ஏற்கனவே சொல்லிவிட்டார். மென்பொருள் யாரை நம்பும்?" என்று கேட்டார். நிரல்கள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் தாயத்துக்கு நேர்மாறு கிடையாது என்பதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அது என் மேசையில் என்ஏ என்ற இரண்டு எழுத்தாக வந்து நின்றபோது அடையாளம் காண முடியவில்லை.

பிற்செலவு, பல்மாறிப் பகுப்பாய்வு, காலத்தொடர், அண்ணா சொல்லும் இயந்திரக் கற்றல் எல்லாமே அந்த ஒரு பாடத்தின் தோளில் ஏறி நிற்கின்றன. இயந்திரக் கற்றல் அறிமுகத்தில் முதல் சில வாரங்கள் பெரும்பாலும் பிற்செலவுதான். அதைப் பிற்செலவு படிக்கும் அதே அரையாண்டில் எடுப்பது கூரையையும் சுவரையும் ஒரே நாளில் எழுப்புவது போன்றது. மூன்றாம் ஆண்டில் எடுங்கள். அப்போது பாதி வேலை ஏற்கனவே முடிந்திருக்கும்.

ஆகவே முதல் இடம் ஏகபரிமாண அட்சரகணிதத்துக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்ற இடங்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.


கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

இரண்டாவது இடத்துக்கு நான் வாதாடுகிறேன். மாதிரியெடுத்தல்.

இந்தப் பாடத்தை இலகுவான பாடம், புள்ளி எடுக்கலாம் என்று சிலர் எடுக்கிறார்கள். நீரசமான பாடம் என்று பலர் விடுகிறார்கள். இரண்டும் தவறு. தரவு எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பாடங்கள் பட்டியலில் இரண்டுதான், இதுவும் பரிசோதனைத் திட்டமிடலும். மற்றவை எல்லாம் தரவு மேசைக்கு வந்த பிறகுதான் தொடங்குகின்றன.

எங்கள் காலத்தில் இந்தப் பாடத்துக்கு ஒரு களப்பணி இருந்தது. எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கை கிடைத்தது. பட்டியலில் எழுமாறாகத் தெரிவான வீட்டிலக்கம் 46/3. போனால் ஒரே படலை. உள்ளே நான்கு கதவுகள். முன்னறையில் ஒரு பாட்டி, பின்னால் அவருடைய மகன் குடும்பம், மாடியில் வாடகைக்கு இரண்டு இளைஞர்கள், பக்கத்தறையில் தையல் வேலை செய்யும் ஒரு பெண். இது எத்தனை வீட்டுத்தனம்? யாரிடம் கேள்வி கேட்பது? சேர்ந்து வசித்து, உணவுக்குப் பொது ஏற்பாடு வைத்திருப்பவர்கள் ஒரு வீட்டுத்தனம் என்பது கணக்கெடுப்பில் பயன்படும் வரைவிலக்கணம். அதனால் கதவுகளை விட்டுவிட்டு அடுப்புகளை எண்ணினேன். பாட்டி மகனோடு சாப்பிடுகிறார். இளைஞர்கள் கடையில் சாப்பிடுகிறார்கள், ஆனால் காலைத் தேநீரைச் சேர்ந்து போடுகிறார்கள். தையல்காரப் பெண்ணுக்குத் தனி அடுப்பு. மூன்று என்று எழுதினேன். என் கூட்டாளி நான்கு என்றாள். அந்த ஒழுங்கையின் முனையில் நின்று அரைமணி நேரம் வாதிட்டோம். அன்றைய வாதத்தில் நான் கற்றதை எந்த விரிவுரையிலும் கற்கவில்லை.

இன்னொன்று. வார நாளில் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பவர்கள் முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான். வேலைக்குப் போகிறவர்களின் பதில் இல்லை. மாதிரியை 200 வீட்டிலிருந்து 2000 வீடாக்கினாலும் அந்தக் குறை தீராது. 1936 இல் அமெரிக்காவில் ஒரு சஞ்சிகை ஜனாதிபதித் தேர்தலுக்காக ஒரு கோடிப் பேருக்கு வாக்கெடுப்பு அட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். இன்று கோடிக்கணக்கான நிரைகள் உள்ள தரவு இருக்கிறது, மாதிரியெடுத்தல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நம் சொந்த நாட்டையே பாருங்கள். முதல் குடித்தொகைக் கணக்கெடுப்பு 1871 இல். 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணி முடித்தது 2012 இல்தான். இடையில் 2001 இல் நடந்ததில் 18 மாவட்டங்களே முழுமையாக எண்ணப்பட்டன. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பகுதி விடுபட்டது. முப்பத்தொரு வருட இடைவெளி. அந்த ஆண்டுகளில் நம் ஊர்களைப் பற்றி எழுதப்பட்ட எண்கள் எப்படி மதிப்பிடப்பட்டன என்பதை ஒரு தமிழ்ப் பிள்ளை கேட்டுப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கான கருவிகள் இந்தப் பாடத்தில் இருக்கின்றன.


நெய்தல் எழுதியது:

அக்கா, 46/3 இல் எனக்கும் மூன்றுதான் வருகிறது. இளைஞர்கள் இருவரையும் இரண்டாக எண்ண வேண்டுமோ என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

பழைய பலகை அண்ணா, நிரல்களைக் கூட்டியது நன்றாக விளங்கியது. படித்தவுடன் முதலாம் ஆண்டுக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன்.

ஆனால் எனக்கு இரண்டு பயம். ஒன்று நிகழ்தகவு. பரீட்சையில் நான் எப்படிக் கோட்டைவிட்டேன் என்று சொல்கிறேன். இன்டிபென்டன்ட் என்ற சொல்லையும் மியூச்சுவலி எக்ஸ்குளூசிவ் என்ற சொல்லையும் மாற்றி வாசித்துவிட்டேன். தமிழில் சாரா நிகழ்ச்சிகள், தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகள் என்று இரண்டையும் உயர்தரத்தில் தலைகீழாகப் படித்தவள். பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டி வைத்தேன். ஒரு கேள்வி முழுவதும் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு கொப்பியில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் அவர்களுடைய சொல், மறுபக்கம் நம்முடைய சொல் என்று எழுதி வருகிறேன். வேரியன்ஸ் என்றால் மாறற்றிறன். ரிக்ரெஷன் என்றால் பிற்செலவு. இப்போது நூற்றைத் தாண்டிவிட்டது.

இரண்டாவது நேரம். மூன்று தெரிவுப் பாடமும் எடுத்தால் 19 கிரெடிட். மாலை வகுப்புகளையும் விட முடியாது. தாங்குமா?


எண்ணும் எழுத்தும் எழுதியது:

நான் உதவி விரிவுரையாளராகப் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறேன். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

முதலில் நேரம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றல். விரிவுரை, ஆய்வுகூடம், வீட்டில் செய்யும் கணக்கு, பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். 19 கிரெடிட் என்றால் 950 மணிநேரம். விரிவுரை வாரங்கள் 15, படிப்பு விடுமுறையும் பரீட்சையும் சேர்த்து இன்னும் 3 என்று வைத்தாலும் வாரத்துக்கு 53 மணிநேரம் வருகிறது. அதன் மேல் மூன்று மாலை. தாங்காது, நெய்தல். முதல் ஐந்து வாரம் தாங்கும். பிறகு பயிற்சித்தாள்களைத் தோழியிடம் வாங்கிப் பிரதி செய்யத் தொடங்குவீர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

நான்கு வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட். ஆண்டுக்கு 30, அரையாண்டுக்கு 15. இரண்டு தெரிவுப் பாடம் எடுத்து 16 இல் நிறுத்தினால் நீங்கள் பின்தங்கவில்லை. பல பீடங்களில் சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு முதலிரண்டு ஆண்டுகளின் புள்ளிச் சராசரியை வைத்துத்தான் நடக்கிறது. அந்த இடத்தில் ஏழு பாடத்தில் பியை விட ஆறு பாடத்தில் ஏ மேல்.

அடுத்தது நிகழ்தகவு. இதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க விரும்புகிறேன். அனுமானம் என்ற பாடம் நிகழ்தகவைத் திருப்பிப் போட்டது. அங்கே பரம்பல் (டிஸ்ட்ரிபியூஷன்) தெரியும், தரவு எப்படி வரும் என்று கேட்டீர்கள். இங்கே தரவு கையில் இருக்கிறது, பரம்பல் எது என்று கேட்கிறீர்கள். முதலாவது தடுமாறினால் இரண்டாவது நிற்காது. ஆகவே அரையாண்டு தொடங்குவதற்கு முன்னுள்ள வாரங்களை நிகழ்தகவுக்குக் கொடுங்கள். புதிய புத்தகம் வேண்டாம். முதலாம் ஆண்டுப் பயிற்சித்தாள்களையே எடுத்து, ஒவ்வொரு கணக்கையும் முதலில் தமிழில் ஒரு வசனமாக எழுதி, அதன் பிறகு தீருங்கள். நீங்கள் எழுதும் அந்த இரண்டு பத்திக் கொப்பி மிக நல்ல வேலை. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஓர் உதாரணக் கணக்கையும் சேருங்கள். சொல்லை மொழிபெயர்த்தால் சொல்தான் வரும். கணக்கோடு சேர்த்தால் கருத்தும் வரும்.

ஒரு கணக்குத் தருகிறேன். காலி வீதியில் ஒரு தரிப்பிடம். பஸ்கள் 5 நிமிட இடைவெளி, 15 நிமிட இடைவெளி என்று மாறி மாறி வருகின்றன. சராசரி இடைவெளி 10 நிமிடம். நீங்கள் எழுமாறாக ஒரு கணத்தில் போய் நிற்கிறீர்கள். சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்? ஐந்து நிமிடம் என்று எழுதிவிடாதீர்கள்.


மலைச்சாரல் எழுதியது:

பரிசோதனைத் திட்டமிடலைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று மனம் கேட்கவில்லை. நான் நுவரெலியா மாவட்டத் தோட்டம் ஒன்றில் வளர்ந்து, படிப்புக்காகக் கொழும்புக்கு வந்தவன்.

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, எதிரே ஒரு தேயிலைச் சரிவு. மேலே உள்ள செடிகள் எப்போதும் மெலிந்திருக்கும், கீழே உள்ளவை செழித்திருக்கும். மழை மேல்மண்ணைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. சிறுவயதில் கண்ணால் பார்த்த அந்த விஷயம் பல்கலைக்கழகத்தில்தான் கணக்காக வந்தது. இரண்டு உரங்களை ஒப்பிட வேண்டும் என்று மேற்பாதிக்கு ஒன்றையும் கீழ்ப்பாதிக்கு மற்றதையும் போட்டால், அளந்தது உரத்தை அல்ல, சரிவை. சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் கோடு கோடாகத் தொகுதிகளைப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா உரங்களையும் எழுமாறான வரிசையில் போட வேண்டும். அப்போதுதான் மண்ணின் வேறுபாட்டைக் கணக்கிலிருந்து பிரித்தெடுக்க முடியும். விரிவுரையாளர் பலகையில் அந்தக் கட்டங்களை வரைந்தபோது எனக்கு எங்கள் மலைதான் தெரிந்தது.

தலவாக்கலையில் தேயிலை, லுணுவிலையில் தெங்கு, அகலவத்தையில் இறப்பர், பத்தலகொடையில் நெல் என்று ஆராய்ச்சி நிலையங்கள் நாடெங்கும் இருக்கின்றன. அங்கே செய்யப்படும் களப் பரிசோதனைகளுக்கு அடிப்படை இந்தப் பாடம். புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் பிஷர் 1919 இல் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்து உருவாக்கிய முறைகள் இவை. 1935 இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு தேநீர்க் கணக்கு வருகிறது. பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று சுவைத்தே சொல்வேன் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பை, நான்கு இப்படி, நான்கு அப்படி. எட்டில் நான்கைத் தெரியும் வழிகள் 70. வெறும் ஊகத்தில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 70 இல் 1. கருதுகோள் சோதனை முழுவதும் அந்த எட்டுக் கோப்பைக்குள் இருக்கிறது. நம் மலைத் தேயிலையை வைத்து நம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இந்த அரையாண்டில் இடமில்லை என்றால் மூன்றாம் ஆண்டிலாவது எடுங்கள் தங்கை.


பம்பலப்பிட்டி வாசி எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். பழைய பலகையின் என்ஏ கதை எங்கள் அலுவலகத்திலும் போன மாதம் நடந்தது. அந்தப் பையனுக்கு மென்பொருள் எல்லாம் தெரியும். காரணம் தெரியவில்லை. நானும் விளக்க முடியாமல் மாறிலியை எடுத்துவிடு என்று மட்டும் சொன்னேன். குணகங்கள் வந்துவிட்டன, ஆனால் அவற்றின் பொருள் மாறிவிட்டது என்பதை மேலாளருக்கு யாரும் சொல்லவில்லை. அதை எண்ணும்போது இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆகவே ஏகபரிமாண அட்சரகணிதத்தை எடுக்கச் சொல்லி நானும் கையெழுத்திடுகிறேன். இயந்திரக் கற்றலைத் தள்ளிப்போடலாம் என்பதும் சரி. ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு ஆண்டும் கணினியில் முழுமையாக ஒரு வேலையைச் செய்து முடித்துக் காட்டும் பாடம் ஒன்றாவது இருக்க வேண்டும். வீட்டில் படிக்கலாம் என்று ஒத்திவைத்து, வீட்டில் படிக்காமலே பட்டம் முடித்தவர்கள் எத்தனையோ பேர் என் முன்னால் நேர்முகத்துக்கு அமர்ந்திருக்கிறார்கள். உங்களுக்குக் கட்டாய ஆய்வுகூடம் ஒன்று இருப்பதால் இந்த அரையாண்டுக்கு அது போதும். எஸ்கியூஎல்லுக்கு விடுமுறையில் நாள் குறித்து வையுங்கள்.

ஒரு யோசனை. சுற்றுலாப் பயணிகளின் மாதாந்த வருகை எண்களை எடுங்கள். 2018 இல் 23 லட்சத்துக்கும் மேல், 2021 இல் 2 லட்சத்துக்கும் கீழ். அந்தத் தொடரை ஓர் அட்டவணையாகச் சேர்த்து, வினவல் எழுதிப் பார்த்து, வரைபடம் போட்டுவையுங்கள். மூன்றாம் ஆண்டுக் காலத்தொடர் பாடத்துக்கு வரும்போது கையில் சொந்தத் தரவு இருக்கும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் பெருந்தொற்றும் விழுந்த தொடரில் பழைய போக்கை அப்படியே நீட்ட முடியுமா என்று நீங்களே கேட்பீர்கள்.


தெஹிவளைத் தகப்பன் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகன் உயர்தரம் எழுதிவிட்டு பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளிக்காகக் காத்திருக்கிறான். காப்புறுதிக் கணிப்பாளர் (ஆக்சுவரி) ஆக வேண்டும் என்கிறான். அதற்குப் புள்ளிவிபரவியல் பட்டம் பொருந்துமா?


பழைய பலகை எழுதியது:

நன்றாகப் பொருந்தும் ஐயா. பிரித்தானியக் காப்புறுதிக் கணிப்பாளர் கழகத்தின் பரீட்சைகளில் சிஎஸ் ஒன்று என்ற தாளில் நிகழ்தகவு, அனுமானம், பிற்செலவு வருகின்றன. சிஎஸ் இரண்டில் காலத்தொடர், எழுமாற்றுச் செய்முறைகள், ஆயுட்காலப் பகுப்பாய்வு. பட்டப் பாடங்களில் பெரும்பகுதி அங்கே உதவும். வட்டியும் ஆயுட்காப்புறுதிக் கணக்கும் வரும் சிஎம் ஒன்று தாளுக்கு மட்டும் நிதிக் கணிதம் தனியாக வேண்டும். மகன் அந்தப் பாதையில் உறுதியாக இருந்தால் நிதிக் கணிதத்தை அவனுக்குத் தெரிவாக அல்ல, கட்டாயமாகக் கொள்ளச் சொல்லுங்கள். நெய்தலுக்கு அந்த நோக்கம் இல்லாததால் அவருக்கு அதை நான் சொல்லவில்லை.


எண்ணும் எழுத்தும் எழுதியது:

மெய்ப் பகுப்பாய்வைப் பற்றித் தோழி சொன்னதற்கும் ஒரு வார்த்தை. சிறப்புப் பட்டத்தை அது இல்லாமலும் நல்ல சித்தியோடு முடிக்கலாம். ஆனால் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்குப் போகும் எண்ணம் துளியாவது இருந்தால் மூன்றாம் ஆண்டுக்குள் எடுத்துவிடுங்கள். மாதிரிச் சராசரிகள் செவ்வன் பரம்பலை நெருங்கும் என்னும் மைய எல்லைத் தேற்றத்தைப் பயன்படுத்துவதற்கு அது தேவையில்லை, நிறுவுவதற்குத் தேவை. அந்த வேறுபாடு உங்களை உறுத்தினால் நீங்கள் அந்தப் பாடத்துக்குரியவர். உறுத்தாவிட்டாலும் குறை ஒன்றும் இல்லை.


நெய்தல் எழுதியது:

படிவத்தை இன்று காலை கொடுத்துவிட்டேன். ஏகபரிமாண அட்சரகணிதத்தின் இரண்டாம் பகுதியும் மாதிரியெடுத்தலும் எழுதினேன். மூன்றாவது வரியை வெறுமையாக விட்டேன். 16 கிரெடிட். அலுவலகத்தில் இருந்தவர், இன்னும் ஒன்று எடுக்கலாமே மகள் என்றார். வேண்டாம் என்றேன்.

மூன்றாம் ஆண்டுக்கு இயந்திரக் கற்றலும் பரிசோதனைத் திட்டமிடலும் என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மெய்ப் பகுப்பாய்வுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. மாலை வகுப்பில் வியாழக்கிழமையை விட்டுவிட்டேன். அப்பாவிடம் 53 மணிநேரக் கணக்கைக் காட்டினேன். அவர் பேனாவை எடுத்துத் தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அந்த மாலைகளில் 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகத்தில் உட்கார்ந்து நிகழ்தகவுப் பயிற்சித்தாள்களை முதலிலிருந்து செய்யத் தொடங்கியிருக்கிறேன்.

பஸ் கணக்கு. நேற்றுத் தரிப்பிடத்தில் நின்றபோதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு 20 நிமிடத்திலும் 15 நிமிடம் நீண்ட இடைவெளிக்குள் இருக்கிறது. ஆகவே நான் அதற்குள் போய் மாட்டும் நிகழ்தகவு 3/4. அதற்குள் மாட்டினால் சராசரியாக 7.5 நிமிடம் காத்திருப்பேன். குறுகிய இடைவெளிக்குள் வந்தால் 2.5 நிமிடம், அதன் நிகழ்தகவு 1/4. மொத்தம் 6.25 நிமிடம்.

இரண்டும் தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகள். அதனால் இந்த முறை கூட்டியது சரிதானே?


எண்ணும் எழுத்தும் எழுதியது:

சரிதான். இனி இடைவெளிகளை 2, 18 என்று மாற்றுங்கள். சராசரி இடைவெளி அதே 10. காத்திருப்பு?


நெய்தல் எழுதியது:

8.2 நிமிடம்.